ஹொகெ

ஹொசப்பேட்டையிலிருந்து வரும் வழியெல்லாம்
காதிலிங்கப்பா பேசிக்கொண்டே ஆட்டோ ஓட்டினார்.
இந்தப் பாறைகளை யாரும் அடுக்கவில்லையாம்.
யாரும் அடுக்கவில்லை என்பதை
எந்தப் பயணியும் நம்புவதில்லையாம்.

நானும் நம்பவில்லை.
யானைமேல் யானை ஏறித்
தூங்கிப்போனது போன்ற குன்றுகள்.
இடையே வாழை, கால்வாய்,
யாருடைய அரண்மனையோ தெரியாத கல்தூணில்
கட்டியிருந்த எருமை.

கடைத்தெரு என்றது பலகை.
கடை ஒன்றுகூட இல்லாத தெரு.
கோபுரத்தில் தொடங்கி நந்தி வரைக்கும்
இரு பக்கமும் தூண்கள், தூண்கள்.
மாணிக்கத்தைக் கூறுகட்டி விற்றார்கள்
என்று படித்துவிட்டு வந்த இடத்தில்
ஒரு நாய் படுத்திருந்தது,
தன் நிழலைவிட மெலிந்து.

ஒரு மண்டபத்தில் மட்டும்
கூரை கன்னங்கரேல் என்றிருந்தது.
நின்றுவிட்டேன்.
ஆயிரத்து ஐந்நூற்று அறுபத்தைந்து
என்று உதடு தானாக முணுமுணுத்தது.
போர். தீ. மாதக்கணக்கில் எரிந்த நகரம்.
கழுத்தில் கேமரா.
கண்ணில், வெட்கத்தை விட்டுச் சொன்னால்,
கொஞ்சம் ஈரமும்.

மூங்கில் சாரத்தில் நின்று
நார்பிரஷ்ஷால் கூரையைத் தேய்த்துக்கொண்டிருந்தவள்
குனிந்து பார்த்தாள்.
எரித்தது யார் என்று
என் அரைக் கன்னடத்தில் கேட்டேன்.
நான்தான், என்றாள்.

ஹுலிகெம்மா.
கல்யாணமாகி வந்து இறங்கியதே
இந்த நான்கு தூண்களுக்கு நடுவில்தானாம்.
இடைவெளியைச் செங்கல் வைத்து அடைத்தால் வீடு.
பத்தொன்பது வருஷம் சோள ரொட்டி.
‘ஹொகெ’ என்றாள் கூரையைக் காட்டி.
‘ஒலெ’ என்றாள்
ஒன்றுமில்லாத ஒரு மூலையைக் காட்டி.

பகரம் தேய்ந்து ஹகரமான மொழி.
பால் அங்கே ஹாலு. பத்து ஹத்து.
பம்பை தேய்ந்துதான் ஹம்பி என்பார்கள்.
புகை மட்டும் தப்புமா,
உதடு ஒட்டாமல்
வெறும் மூச்சாக வெளியேறியிருக்கிறது.
உலை, பாவம், பெரிதாக மாறவில்லை.

சாரத்தில் இருந்தபடியே வீட்டைச் சுற்றிக்காட்டினாள்.
யாளியின் பல்லிடுக்கில் தூளிக் கயிறு,
மகன் கொட்ரேஷ் ஆடி உறங்கியது.
அந்த நாட்டியக்காரியின் முழங்கையில் கரண்டி.
முழங்கை இன்னும் மினுங்குகிறது,
எண்ணெய் ஏறிய கல்.
மழைக்காலத்தில் ஆட்டுக்குட்டிகள்
அந்தக் குதிரைவீரனின் காலடியில்.
பிறகு ஒரு காலையில் இயந்திரம் வந்தது.
செங்கல் போய்த் தூண்கள் மட்டும் நின்றன.
அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்லவில்லை,
வாளியில் பிரஷ்ஷை முக்கினாள்.

இப்போது தினக்கூலி.
எல்லாவற்றையும் பழையபடி ஆக்கும் வேலை.
சீக்கிரம் போகாது, இது மிளகாய் வறுத்த புகை
என்றாள், லேசான பெருமையோடு.
போன வாரம் சுரண்டும்போது
கூடவே நின்றவளுக்குத் தும்மல் நிற்கவில்லையாம்.
என்றைக்கோ வறுத்த மிளகாய்
இன்றைக்கு மூக்கைத் தேடி வந்தது என்று
சிரித்தபோது சாரம் ஆடியது.

மதிய விசில்.
இறங்கி வந்து துணி முடிச்சைப் பிரித்தாள்.
ரொட்டி, கடலைப்பொடி, ஒரு வெங்காயம்.
வெங்காயத்தைத் தூணடியில் வைத்துக்
கைமுட்டியால் ஒரே குத்து.

வெளியே காதிலிங்கப்பா ஹாரன் அடித்தார்:
கல்தேருக்கு இன்னும் போகவேயில்லை,
மூன்று மணிக்கு மேல் பள்ளிக்கூடப் பஸ்கள் வந்துவிடும்,
கூட்டத்தில் சக்கரம்கூடத் தெரியாது.

கல்தேர் எங்கே ஓடிவிடப் போகிறது,
உட்காருங்கள், என்றாள் ஹுலிகெம்மா
பாதி ரொட்டியை நீட்டி.

உட்கார்ந்தேன்.

அங்கே இல்லை, கொஞ்சம் தள்ளி
என்றாள் உடனே.

நான் உட்கார்ந்தது
அடுப்பின் மேல்.